நடக்காததற்குக் கரி

ஒரோனோவில் முதுகலை இரண்டாம் ஆண்டு.
ஆய்வேட்டின் தலைப்பில் பதினேழு சொற்கள்.
அண்ணன் கேட்டால் மூன்றே சொல்:
காட்டுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

அரூஸ்டுக் ஆற்றுக்கு மேற்கே
எண்பத்தொரு மாதிரி வட்டங்கள்.
நடுவில் ஓர் இரும்புக் கம்பி,
கம்பியின் தலையில் ஆரஞ்சு நாடா,
அதைச் சுற்றி ஜூன் மாதத்துக் கருப்பு ஈக்களின் சபை.
தரையிலிருந்து நாலரை அடி;
இந்நாட்டு மரங்களுக்கு மார்பு அங்கேதான் என்று
யாரோ எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள்.
ஸ்ப்ரூஸைக் கட்டிப்பிடித்து அளவு நாடாவைச் சுற்றுவேன்.
கன்னத்தில் பிசின் ஒட்டும்.
"பதினொன்று புள்ளி நாலு, உயிர்!" என்று கத்துவேன்.
கார்லீன் எழுதிக்கொண்டு திருப்பிக் கத்துவாள்.
உயிர் என்பது எங்கள் படிவத்தில் ஒரு கட்டம்.
அடுத்த கட்டம், செத்தும் நிற்பது.
அதற்கும் அடுத்தது, விழுந்து கிடப்பது.
அதில் மட்டும் ஐந்து படிகள்.
ஐந்தாம் படி மரத்தில் கத்தியைச் செருகினால்
பிடிவரை இறங்கும்,
நனைந்த ரொட்டிக்குள் இறங்குவதுபோல.

காய்ந்த எடையில் பாதி கரி.
இது சுலபம். முதல் செமஸ்டரிலேயே வந்துவிட்டது.

வராதது மற்றது.
திட்டம் வராமல் இருந்திருந்தால்
இந்தக் காடு என்ன ஆகியிருக்கும்?
அந்த 'இருந்திருந்தால்'தான் என் ஆய்வேடு.
நிற்கிற மரத்தை இங்கே யாரும் வாங்குவதில்லை,
விழாமல் போன மரத்துக்குத்தான் காசு.
எங்கோ ஒரு விமான நிறுவனம்
கேட்காத ரம்பச் சத்தத்தை
டன் கணக்கில் வாங்கிப் போகிறது.
நடந்ததற்கு வெட்டிய அடிமரம் கரி சொல்லும்.
நடக்காததற்கு யார் கரி?
என் எக்செல் கோப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி
சத்தியம் வாங்குகிறேன்.

பழைய ஒப்பந்தப் பதிவுகள் வந்தன.
வெட்டுக் குழு எண் ஆறு:
இயந்திரம் ஒன்று, ஆள் மூன்று.
ஆறு யாரென்று எனக்குத் தெரியும்.
சின்ன வயதில் என் ஸ்கேட் காலணிக்கு
முடிச்சுப் போட்ட கை அது.

திட்டம் வந்தது, ஒப்பந்தம் நின்றது,
இயந்திரத்தை விற்றான்.
ரெமி இப்போது பிரெஸ்க் ஐலில்
உருளைக்கிழங்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
ஆனால் கோப்பின் இரண்டாம் தாளில்
அவனுக்கு ஓய்வே இல்லை.
இந்த வருஷம் வெட்டுகிறான். வரும் வருஷமும்.
முதுகுவலி இல்லை, டீசல் விலை இல்லை,
மான் வேட்டை வாரத்துக்குக்கூட விடுப்பு இல்லை.
நான் இழுத்துவிட்ட சூத்திரம்
நாற்பது வரிசை கீழே இறங்குகிறது;
எழுபது வயதிலும்
பனியில் நின்று வெட்டிக்கொண்டிருக்கிறான்.

நன்றிநாள் விருந்தில் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான்.
"இதில் நான் எங்கே?"
காட்டினேன்.
"இதுவரை எத்தனை?"
கூட்டிச் சொன்னேன்:
மூன்று லட்சத்துச் சொச்சம் மரம்.
விசிலடித்தான்.
"சம்பளம் கொடுத்தார்களா?"
அம்மா சிரித்தாள்.
அவன் விரல் திரையில் வரைபடத்தின் மேல் ஊர்ந்து
பதினாலாம் வட்டத்தில் நின்றது.
"இது சதுப்பு, மிரேய்.
இங்கே இயந்திரத்தை இறக்கினால் அச்சுவரை புதையும்.
நான் ஒருநாளும் வெட்டியிருக்க மாட்டேன்"
என்றான்,
வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு என்பதுபோல.

பதினாலு. பிறகு இருபத்தேழு.
பிறகு ஓடைக்கரை முழுக்க.
காபி ஆறுவதற்குள் ஒன்பது வட்டம்.

விற்றுப்போன டன்களை யார் திருப்பித் தருவது?
பேராசிரியருக்கு எழுதிய கடிதம்
மூன்று நாளாக வரைவில் கிடக்கிறது.
ஆனால் இன்றிரவு,
ஆய்வகத்தின் ஹீட்டர் மட்டும் முனகும் நேரத்தில்,
பதினாலுக்கு எதிரே பூஜ்யம் தட்டினேன்.

அந்தத் தாளில்
முதல் முறையாக என் அண்ணன்
இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி
தெர்மாஸைத் திறக்கிறான்.